போடியாரின் தாயைத் தேடி

கனடாவில் வாழும் ஒரு மட்டக்களப்புக் குடும்பம் என்னிடம் ஒரு வேலையை ஒப்படைத்தது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பெரும் வயல்காரராக வாழ்ந்த தங்கள் பூட்டனாருக்கு முந்தியவர்கள் யார் என்று கண்டறிய வேண்டும். அவர்களிடம் மூன்று தடயங்கள் இருந்தன. பெரும் நிலக்காரரைக் குறிக்கும் ‘போடி’ என்று முடியும் அவருடைய பெயர் ஒன்று, அவர் வாழ்ந்த ஊரின் பெயர் ஒன்று, மூன்றாவது ஒரு பழைய காணி உறுதியின் நிழற்படி. குடும்பத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் வெளியில் சொல்வதில்லை என்று பேசிக்கொண்டோம். அதனால் இங்கே அவரைப் போடியார் என்று மட்டுமே குறிப்பிடுகிறேன்.

இந்த ஆசையை அவர்களுக்குள் கிளப்பியவர் ஓர் அயல்வீட்டார். அமெரிக்காவின் தொடக்ககால விவசாயி ஒருவரின் வழிவந்தவர் அவர். தன் பரம்பரையை இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னோக்கி எழுதி வைத்திருக்கிறார். அங்கே அதற்கு ஒரு நடைமுறை உண்டு. குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு உயில், காணிப் பத்திரம், வரிப் பட்டியல், தேவாலயப் பதிவேடு என்று மேலேறலாம். 1790-இல் எடுத்த முதல் குடிசனக் கணக்கில் வீட்டுத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும். மற்றவர்கள் எண்ணிக்கையாக மட்டும் நிற்பார்கள். வீட்டிலிருந்த சுதந்திர மனிதர் ஒவ்வொருவரின் பெயரும் 1850-இல்தான் பதிவாகிறது. அடிமைகளின் பெயர்கள் அப்போதும் எழுதப்படவில்லை. அந்தத் தேடலில் அடிக்கடி தொலைந்துபோகிறவள் பெண். மணமானதும் பிறந்த வீட்டுப் பெயர் போய்விடுகிறது. ஒரு விவசாயியின் மனைவி யார் மகள் என்று கண்டுபிடிக்கவே ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்காக அலைகிறார்கள்.

மட்டக்களப்பில் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒரு தலைமுறைக்கு நிற்கும், அடுத்த தலைமுறையில் மாறிவிடும். கந்தப்போடி, தம்பிப்போடி, வேலாப்போடி போன்ற பெயர்களோ ஊருக்கு நாலு பேருக்கு இருக்கும். பிறப்புப் பதிவைப் பார்க்கலாமே என்றால், பிறப்பு இறப்புப் பதிவுக்கான சட்டம் 1867-இல்தான் வருகிறது. போடியார் அதற்கு முன்பே பிறந்துவிட்டார். ஆகவே காணி உறுதிகளிலிருந்துதான் தொடங்க முடிந்தது. காணி கைமாறும்போது நொத்தாரிசு முன்னிலையில் எழுத வேண்டும் என்று 1840-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கச் சட்டம் சொன்னது. 1863-இல் காணிப் பதிவுச் சட்டம் வந்தது. இலங்கையில் எழுதப்படிக்கத் தெரியாத ஒரு விவசாயியின் வாழ்க்கை தாளில் பதிந்தது பெரும்பாலும் இந்த இரண்டு சட்டங்களின் புண்ணியத்தில்தான்.

நிழற்படியில் இருந்தது ஒரு சீதன உறுதி. போடியாரும் அவர் மனைவியும் சேர்ந்து மூத்த மகளுக்கு ஒரு வட்டையில் (வயல்வெளியில்) வயலும், ஊரில் ஒரு வளவும் வீடும் எழுதிக்கொடுக்கிறார்கள். போடியார் கையெழுத்துக்குப் பதிலாக அடையாளம் இட்டிருக்கிறார். குடும்பத்தார் பெருமையோடு காட்டிய தாள் அது: ‘இவ்வளவும் பூட்டனாருடைய வயல்.’ ஆனால் எந்த உறுதியிலும் ஆய்வாளர் முதலில் படிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. எழுதிக்கொடுப்பவருக்கு அந்தக் காணி எந்த வழியில் வந்தது என்று நொத்தாரிசு ஒரு வரி எழுதுவார். இந்த உறுதியில் அந்த வரி, வயலும் வளவும் மனைவிக்கு அவள் தாய் தகப்பன் கொடுத்த சீதனம் என்கிறது. அந்த ஊரே அவரைப் போடியாராகக் கும்பிட வைத்த வயல் அவருடையது இல்லை. அவர் தகப்பனுடையதும் இல்லை. அது மாமியாரின் வயல்.

இதே நிலை அதற்கு மேலும் தொடர்ந்தது. மாமியாருக்கும் அது தாய்வழிச் சீதனமாகவே வந்திருந்தது. ஒரே வயல், அதே நான்கெல்லை, தலைமுறைக்கு ஒரு புதிய ஆண் பெயர். முன்னவருக்கும் பின்னவருக்கும் இரத்த உறவு இல்லை. பின்னவர் முன்னவரின் மகளை மணந்த மருமகன். வயலைப் பிடித்து மேலே போனால் போடியாரின் மனைவியுடைய தாய்வழி தெளிவாகத் துலங்குகிறது. போடியாரின் சொந்தப் பரம்பரையோ ஓர் அடிகூட நகரவில்லை.

இதன் காரணம் மட்டக்களப்பாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன். வாவிக்கரைத் தமிழர் சமூகம் குடி என்ற தாய்வழிப் பிரிவுகளால் ஆனது. பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் திருமணம் செய்வதில்லை, ஆகவே தகப்பன் எப்போதும் வேறு குடிக்காரன். உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி, பணிக்கனார் குடி, கச்சிலா குடி என்று முக்குவரிடையே பெயர்பெற்ற குடிகள் பல. வேளாளர் முதலிய மற்றச் சாதிகளுக்கும் தனித்தனிக் குடிகள் உண்டு. இப்பகுதி முஸ்லிம்களிடமும் குடிமுறை இருக்கிறது. குடிக்கொரு மரைக்காயர் பள்ளிவாசல் நிர்வாகத்தில் அமர்வது அவர்கள் வழக்கம். எஃப். எக்ஸ். சி. நடராசா 1962-இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ இந்தக் குடிகளின் தோற்றத்தைப் பழைய அரசர்களோடு சேர்த்துச் சொல்கிறது. அதை நாள்வாரி வரலாறாக எடுத்துக்கொள்ள நான் துணியமாட்டேன். ஆனால் எந்தக் குடிக்கு என்ன வரிசை, யாருக்கு முதல் மரியாதை என்று இந்த மண்ணின் மக்கள் தலைமுறை தலைமுறையாக எதைப் பற்றி வாதாடினார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

மணமான ஆண் மனைவியின் வீட்டுக்குப் போவான். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அருகிலேயே இன்னொரு வீடு கட்டிக்கொள்வார்கள். அடுத்த மகளுக்கு அதுவும் போகும். இப்படி ஒரு தாயின் பெண்மக்கள் பக்கத்துப் பக்கத்து வளவுகளில் வாழ, அந்தத் தெருவின் ஆண்கள் எல்லாம் வேறிடத்திலிருந்து வந்தவர்களாக இருப்பார்கள். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கிச் செய்த கள ஆய்வு இந்த அமைப்பை நுணுக்கமாகக் காட்டுகிறது. 2008-இல் வந்த அவருடைய நூல் இல்லாமல் நான் இந்த வேலையில் இறங்கியிருக்க முடியாது.

ஆகவே கனடாக் குடும்பம் கொடுத்த ஊர், போடியார் வாழ்ந்த ஊர்தான். பிறந்த ஊர் வேறாக இருக்கலாம். அந்த ஊரில் இப்போதும் வாழும் ஒரு பெத்தாவிடம் கேட்டேன். போடியாரின் இளைய மகள் வழியில் பேத்தி அவர். கேள்வியை முடிக்குமுன்பே பதில் வந்தது.

“அவரு இந்த ஊரில்ல மனே. கலியாணம் முடிச்சு வந்தவரு. அவர்ர தாய்ர ஊரு ஆத்துக்கு அங்கால. கோயில் திருவிழா வந்தா வண்டில் கட்டிக்கிட்டுத் துறைக்குப் போவாராம், மறுகா தோணி. அங்க அவருக்கு ஒரு வேல இருந்ததெண்டு அம்மா சொல்லுவா.”

ஆறு என்று அவர் சொன்னது வாவியை. கரையோர மக்கள் அதை ஆறு என்றே சொல்வார்கள். வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம்வரை ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளும் இந்த நீர்ப்பரப்பு மேற்கே படுவான்கரையையும் கிழக்கே எழுவான்கரையையும் பிரிக்கிறது என்று வரைபடம் பார்க்கிறவர் நினைப்பார். கல்யாண உறவுகளைக் குறித்துப் பார்த்தால் வாவி இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறது. 2014-இல் பாலம் திறக்கும்வரை மண்முனைத் துறையில் படகுப் பாதையில்தான் ஆளும் வண்டியும் கடந்தன. மண்முனைப்பற்று, எருவில்பற்று, போரதீவுப்பற்று என்று பழைய உறுதிகள் பற்று என்ற நிர்வாகப் பிரிவின் பெயரோடுதான் தொடங்கும். எந்தப் பற்று என்று தெரியாமல் தேடினால் பதிவேடுகளின் கடலில் விழுந்துவிடுவோம். 1961-இல் அம்பாறை தனி மாவட்டமானபின் தென்பகுதிப் பற்றுகள் அங்கே போய்விட்டன. அதனால் ஒரே குடும்பத்தின் கதையை இரண்டு மாவட்ட நிர்வாகங்களில் தேட வேண்டியிருக்கிறது.

பெத்தா சொன்ன அந்த ‘வேல’தான் என்னைப் பிடித்துக்கொண்டது. மட்டக்களப்புப் பெருங்கோயில்களில் வண்ணக்கர் என்றொரு பொறுப்பு உண்டு. கோயிலின் உடைமைக்கும் ஒழுங்குக்கும் அவர் காவலர். திருவிழா நாள்களும் குடிகளுக்கும் ஊர்களுக்கும் பங்கிடப்பட்டவை. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரர் கோயிலில் குடுக்கை கூறுதல் என்று ஒரு வழக்கம் இருக்கிறது: குடிகளின் பெயர்களை வரிசைப்படி உரக்கக் கூறி மரியாதை கொடுப்பார்கள். சபையில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லப்படுவதால், வரிசையில் யாரும் கள்ளமாக நுழைந்துவிட முடியாது. ஆவணக் காப்பகத்தின் தாளைவிட இதை நான் குறைவாக மதிக்கவில்லை. தாளைக் கறையான் தின்னும். ஊர் கூடிக் கேட்கும் வரிசையில் ஒரு பெயர் தவறினால் அன்றைக்கே சண்டை வரும்.

குடியின் சார்பில் பொறுப்பேற்பவர் அந்தக் குடிக்காரராக இருக்க வேண்டும். ஒருவருடைய மகன் அவருடைய குடி இல்லை. அப்படியானால் பொறுப்பு அவரிடமிருந்து யாருக்குப் போகும்? தம்பிக்குப் போகும், இல்லாவிட்டால் சகோதரியின் மகனுக்கு. காணி உறுதிகள் ஆணை மனைவியின் வீட்டில் காட்டின. கோயிலோ அதே ஆணைத் தாயின் வீட்டில் வைத்திருக்கிறது. போடியார் வாவி கடந்து போய்ச் செய்த வேலை அவருடைய குடியின் சார்பில் செய்த வேலையாக இருந்தால், அவருக்கு முன்பு அதைச் செய்தவர் அவருடைய தாய்மாமனாக இருக்க வேண்டும்.

அந்த எழுவான்கரை ஊரில், குடியின் மூத்தவர்கள் வாய்வழியாகச் சொல்லிவரும் வரிசையில் போடியாரின் பெயர் இருந்தது. அவருக்கு முன்னால் இன்னொரு போடியின் பெயர். ஆனால் அது அவர்தானா? ஒரே பெயரில் எத்தனையோ பேர் இருந்த இடத்தில் பெயர் ஒற்றுமை சான்றாகாது. இங்கே எனக்குக் கைகொடுத்தது மாடு.

படுவான்கரைப் போடியார்களுக்கு வயலைப் போலவே பட்டியும் செல்வம். வேளாண்மைக் காலத்தில் மாடுகளைக் காட்டோரத்து மேய்ச்சல் நிலத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பல பட்டிகள் கலந்து மேயும். எந்த மாடு யாருடையது என்று அறியக் குறிசுடுவார்கள். குடிக்குரிய குறியும் உடையவரின் பெயரெழுத்தும் சேர்ந்திருப்பது பழைய வழக்கம். போடியாரின் மகள் வீட்டுப் பழைய பொருள்களுக்குள் துருவேறிய குறியிரும்பு ஒன்று கிடந்தது. அதே வடிவத்தை எழுவான்கரைக் குடியார் தங்கள் குறி என்று காட்டினார்கள். போடியாரின் மனைவி வீட்டார் வேறு குடி, அவர்களுக்கு வேறு குறி. மனைவியின் வயலில் வாழ்ந்தவர் தன் மாட்டுக்குத் தாயின் குறியைச் சுட்டிருக்கிறார். ஆள் அவர்தான் என்பதில் எனக்கு அதற்குமேல் ஐயம் இல்லை.

இனித் தாயின் பெயர் வேண்டும். பெண்களின் பெயர் பழைய அரசாங்கத் தாள்களில் அருமை. நெல்வரிப் பதிவுகளை எடுத்துப் பாருங்கள்: 1878-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் தயாரான பட்டியல்களில் வட்டை, வயல், பரப்பு, கட்ட வேண்டிய தொகை எல்லாம் இருக்கும். 1892-இல் அந்த வரி ஒழிந்தபோது விவசாயிகளுக்கு அது விடுதலை. ஆய்வாளருக்கு ஒரு தடயம் அத்தோடு அறுந்தது. ஆனால் அதிலும் வரி கட்டுகிறவராகப் பெரும்பாலும் ஆணின் பெயரே வரும். அதிகாரிக்கு வேண்டியது வரியைக் கட்டும் கை. வயல் எந்தத் தாயின் வயிற்றுவழியாக வந்தது என்பது அவருக்குத் தேவைப்படவில்லை.

பெண்ணின் பெயரைச் சொல்லியே தீர வேண்டிய கட்டாயம் ஓர் இடத்தில் இருந்தது: நீதிமன்றத்தில். யாழ்ப்பாணத்துக்குத் தேசவழமை இருந்ததுபோல மட்டக்களப்புக்கு முக்குவர் வழமை இருந்தது. 1876-இல் கிறிஸ்தோபர் பிரிட்டோ அதைத் தொகுத்து ஒரு நூலாக வெளியிட்டார். அதன் மையம் இதுதான்: ஒருவருக்குப் பரம்பரையாக வந்த முதுசொம் அவர் இறந்தபின் அவருடைய பிள்ளைகளுக்குப் போகாது, சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். தானாக உழைத்துச் சேர்த்த தேட்டத்தில்தான் அவருக்குத் தன் விருப்பம்போலக் கொடுக்கும் கை இருந்தது. பெற்ற பிள்ளைகளும் மருமக்களும் ஒரே வயலைக் கேட்டு நின்ற வழக்குகள் அதனால் எழுந்தன. மருமகன் வெல்ல வேண்டுமென்றால் தான் இன்னாருடைய சகோதரி வயிற்றில் பிறந்தவன் என்று நிறுவ வேண்டும். அந்தச் சகோதரியும் இறந்தவரும் ஒரே தாயின் பிள்ளைகள் என்பதையும் நிறுவ வேண்டும். இரண்டு தலைமுறைப் பெண்களின் பெயரை எழுதாமல் மனுவே எழுத முடியாது.

அதே 1876-இல் வந்த 15-ஆம் இலக்கத் திருமண உரிமைகள், உரிமையேற்புச் சட்டம் இந்த வழமையின் வேரை அறுத்தது. கண்டியச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள், முஸ்லிம்கள், தேசவழமைக்கு உட்பட்ட வடமாகாணத் தமிழர் ஆகியோருக்கு அதில் விலக்குக் கிடைத்தது. மட்டக்களப்புத் தமிழருக்கு விலக்கு இல்லை. அதன்பின் இறந்தவரின் சொத்து சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போயிற்று. ஆனால் மக்கள் சட்டத்துக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை என்றுதான் உறுதிகளைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுகிறது. சாகும்வரை வைத்திருந்தால்தானே உரிமையேற்பு? உயிரோடு இருக்கும்போதே வயலையும் வளவையும் மகள்களுக்குச் சீதனமாக எழுதிவிட்டார்கள். ஆணின் வழியாக மருமகனுக்குப் போன பாதை அடைந்தது; பெண்ணிடமிருந்து பெண்ணுக்குப் போகும் பாதை உறுதியாயிற்று. தாய்வழிச் சமூகம் அன்றே முடிந்தது என்று எழுதுகிறவர்களோடு நான் உடன்படாதது இதனால்தான்.

போடியார் அந்தச் சட்டத்துக்கு முன்பே இளைஞராகிவிட்டவர். மாமனின் பொறுப்பை ஏற்றவர் மாமனின் முதுசொத்தையும் கேட்டிருப்பார், மாமனின் பிள்ளைகள் அதை எளிதில் விட்டிருக்கமாட்டார்கள் என்று ஊகித்தேன். ஆகவே போடியாரின் பிள்ளைகள் வீடுகளைவிட்டு அவருடைய சகோதரிகளின் வழிவந்தவர்கள் வீடுகளுக்குப் போனேன். கனடாக் குடும்பத்துக்கு அப்படிச் சகோதரிகள் இருந்ததே தெரியாது. அவர்களை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது.

ஒவ்வொரு உறுதியின் அட்டவணையிலும் நான்கெல்லை எழுதியிருக்கும்: வடக்கே இன்னார் வளவு, கிழக்கே ஒழுங்கை, தெற்கே இன்னார் பங்கு, மேற்கே இன்னார் மனைவியின் காணி. விற்றவர் வாங்கியவர் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு போகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுவார்கள். மட்டக்களப்பில் அடுத்தடுத்த பங்குகள் பெரும்பாலும் ஒரு தாயின் பெண்மக்களுடையவை என்பதை நினைவில் வைத்துப் படித்தால் எல்லை வரிகள் பேசத் தொடங்கும். ஓர் உறுதியின் வடக்கெல்லை இன்னோர் உறுதியின் தெற்கெல்லையோடு பொருந்தும். வளவுகளை ஒரு தாளில் ஒட்டிப் பார்த்தபோது ஒரு பெரிய வளவு மூன்றாகப் பிரிந்தது தெரிந்தது. மூன்றையும் வைத்திருந்தவர்கள் பெண்கள். ஒரு பங்கின் எல்லையில் போடியாரின் பெயரும் ஓரிடத்தில் வருகிறது, உடையவராக அல்ல. பங்குக்காரியின் சகோதரன் என்ற அடையாளமாக. தெற்கெல்லையில் ஒரு முஸ்லிம் போடியாரின் காணி. இரு வீட்டாரும் ஒரே கிணற்று வழியைப் பகிர்ந்ததையும் அந்த வரி சொல்கிறது. இன்று அந்த எல்லையைப் பற்றி எவரும் இப்படி இயல்பாகப் பேசுவதில்லை என்பது மனத்தை வருத்துகிறது.

நடுச் சகோதரியின் வழிவந்த வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. 1978 நவம்பர் 23-இன் சூறாவளியில் கூரை போனபோது அதைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிக் காப்பாற்றியிருக்கிறார்கள். 1990-இல் போரால் ஊரைவிட்டு ஓடியபோது சமையல் பாத்திரத்தை விட்டுவிட்டு இதைத் தூக்கியிருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26-இல் கடல் வந்தபோது பெட்டி உள்நாட்டில் மகள் வீட்டில் இருந்தது. அதற்குள் உறுதிகள், வரிச்சீட்டுகள், மாட்டுச் சீட்டுகள். 1972-இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் வயல் 25 ஏக்கர், மொத்தம் 50 ஏக்கர் என்று வரம்பு வைத்தபோது கொடுக்க வேண்டியிருந்த அறிவிப்பின் படி ஒன்று. இவற்றுக்கு அடியில், இரண்டாக மடித்து, ஓரம் உதிர்ந்த ஒரு மனுவின் படி. மாமன் இறந்தபின் அவருடைய முதுசொ வயலில் பங்கு கேட்டுப் போடியாரும் சகோதரிகளும் கொடுத்த மனு அது.

அதில் அவருடைய தாயின் பெயர் இருக்கிறது. தாயின் தாய் பெயரும் இருக்கிறது. அந்தப் பாட்டியின் மக்கள் யார் யார், எந்த வட்டையில் எந்த வயலை அவள் விட்டுப்போனாள் என்பதும் இருக்கிறது. தகப்பனின் பெயர் ஒரே இடத்தில், தாயை அடையாளம் காட்டுவதற்காக வருகிறது: இன்னாரின் பெண்சாதி என்று. அதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. வழக்கில் போடியார் வென்றாரா தோற்றாரா என்பதைப் பெட்டி சொல்லவில்லை. ஆனால் அந்த வயல்களில் ஒன்று பின்னால் சகோதரியின் மகளுடைய சீதன உறுதியில் வருகிறது.

பாட்டிக்கு மேலே போக முயன்றேன். அங்கே தனியாளின் பெயர் மங்கி, குடியும் தலைவர்களும் மட்டுமே தெரிகிறார்கள். ஒல்லாந்தர் காலக் காணி, குடும்பப் பதிவேடுகளான தோம்புகள் கொழும்பு, காலி, யாழ்ப்பாணப் பகுதிக் குடும்பங்களைத் தேடுகிறவருக்குப் பெரும் செல்வம். என் தேடலுக்கு அவை உதவவில்லை. மட்டக்களப்புக்கு நம்மிடம் இருப்பவை அதிகாரிகள் தமக்குப்பின் வருகிறவருக்கு எழுதிவைத்த குறிப்புகள். அவற்றில் பெரியது 1784 முதல் 1794 வரை இங்கே தலைமை அதிகாரியாக இருந்த யாக்கோப் பர்னான் எழுதியது. சுவிட்சர்லாந்தில் பிறந்து ஒல்லாந்தக் கம்பனியில் சேர்ந்தவர். நெற்செய்கையைப் பெருக்குவதில் தீவிரமாக இருந்தார். 1794-இல் பதவியை வாம்பேக்கிடம் ஒப்படைத்தபோது நிலம், நீர், விளைச்சல், முக்குவத் தலைவர்களின் அதிகாரம் எல்லாவற்றையும் எழுதிவைத்தார். அடுத்த ஆண்டே கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று.

ஏறத்தாழ அதே காலத்தில், 1782-இல், நியூயார்க் பகுதியில் பயிர்செய்த பிரெஞ்சுக்காரர் கிரெவ்கர், ஓர் அமெரிக்க விவசாயி எழுதும் கடிதங்கள் என்ற வடிவில் ஒரு நூலை வெளியிட்டார். ஐரோப்பா முழுக்க அதைப் படித்தது. அங்கே விவசாயி தன் வாயால் பேசுவதாகவாவது ஒரு நூல் வந்தது. வாவிக்கரை விவசாயியோ பர்னானின் பேனா வழியாக, விளைச்சலாகவும் வரியாகவும் மட்டும் தாளில் நுழைகிறார். போடியாரின் பாட்டிக்கு முந்திய பெண்கள் பர்னான் எண்ணிய வயல்களில்தான் எங்கோ நின்றிருக்க வேண்டும். அவர்களைப் பெயர் சொல்லி அழைக்க என்னிடம் வழி இல்லை.

தேடலின்போது இன்னொரு குறையும் என்னை விடாமல் தொந்தரவு செய்தது. போடியாரின் வயலைக் காத்த முல்லைக்காரர், உழுதவர்கள், சூடு வைத்தவர்கள், களவெட்டியில் இரவு முழுக்க மாடு வளைத்தவர்கள் எந்த உறுதியிலும் இல்லை. நான்கெல்லையிலும் இல்லை, ஏனென்றால் அவர்களுக்கு எல்லை போட நிலம் இல்லை. அமெரிக்காவின் 1850 கணக்கில் பெயரில்லாமல் நிற்கும் மனிதர்களை நினைத்துக்கொண்டேன். தகரப் பெட்டியில் இருந்த ஒரு சிறு கணக்குக் கொப்பியில் மட்டும் கூலியாகக் கொடுத்த நெல்லின் அளவுக்கு நேரே சில பெயர்கள் இருக்கின்றன. தகப்பன் பெயரோ ஊரோ இல்லாத வெறும் பெயர்கள். கனடாவுக்கு அனுப்பிய தொகுப்பில் அந்தப் பக்கங்களையும் சேர்த்திருக்கிறேன். போடியாரின் குடும்ப வரலாறு என்று ஒன்றை எழுதினால் அவர்களுக்கும் அதில் இடம் வேண்டும் என்று குடும்பத்தாரிடம் சொன்னேன், அவர்கள் மறுக்கவில்லை.

பரம்பரை மரத்தை நான் பெண்களை நடுத்தண்டாக வைத்தே வரைந்தேன். பாட்டி, தாய், மூன்று சகோதரிகள், அவர்களுக்குப் பக்கத்தில் போடியார். அவருடைய மனைவியின் தாய்வழி வேறொரு மரமாக, வேறு குடியின் பெயரோடு. கனடாவில் பிறந்த பிள்ளைகள் போடியாரின் குடியைச் சேர்ந்தவர்கள் அல்ல என்பதை விளக்க நீண்ட நேரம் பேச வேண்டியிருந்தது. மகன் வழியில் வந்தவர்கள் அவர்கள்; அவர்களுடைய குடியைத் தங்கள் தாயிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும். தாய்க்கு அது நினைவில் இல்லை. அவருடைய பெரியம்மா ஒருவர் களுவாஞ்சிக்குடிப் பக்கம் இன்னும் இருக்கிறார் என்றார்கள். வரும் மாசிக்குள், சூடடிப்பு முடிந்து அவர் மகள்மார் வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்து, அங்கே போவதாக இருக்கிறேன். அவரிடம் கேட்க வைத்திருக்கும் முதல் கேள்வி: உங்கள் அம்மாவின் வளவுக்கு நான்கு பக்கமும் யார் இருந்தார்கள்?